நன்றி சொன்னவர் எழுந்து நடக்கவும்

நிமியா கபானியாஸ் எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பார். அவருடைய அப்பா பஸ் ஓட்டுநர். பள்ளி விடுமுறையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைக் கடக்கும் மாடுகளை எண்ணுவதுதான் அவருக்கு விளையாட்டு. கல்யாணமான முதல் மாதம், கணவர் ஆர்னால்தோ எத்தனை முறை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்கிறார் என்று எண்ணி, மாதக் கடைசியில் அவருக்கே வாசித்துக் காட்டினார்.

"நூத்தி அறுபத்தி மூணு."

"அவ்வளவா? சரி, குறைச்சுக்கறதைப் பத்தி நாளைக்குப் பார்க்கலாம்."

"நூத்தி அறுபத்தி நாலு," என்று நிமியா எழுதிக்கொண்டார்.

இதை அவரே என்னிடம் சொன்னார். ஜனவரி முழுவதும் எங்கள் ஊர் மருத்துவமனையில், அவருடைய வார்டில், பதினோராம் கட்டிலில் நான் கிடந்தேன். பள்ளிக்கூடம் முடிந்த மூன்றாவது வாரம் மாமாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், செம்மண் பாதையில் ஒரு பசுவுக்கு வழிவிட்டு நான் பள்ளத்தில் இறங்கினேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள். தகட்டைச் சுற்றிச் சீழ் பிடித்தது. தினமும் ஊசி, தினமும் கட்டு மாற்றுதல். பதினெட்டு வயதில் ஊரைவிட்டுப் போகத் துடித்துக்கொண்டிருந்த எனக்கு, கட்டிலைவிட்டுக் கழிப்பறை வரை ஊன்றுகோலோடு போவதே பெரிய பயணமாகிவிட்டது.

வார்டு என்பது நீளமான ஒரே அறை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். தடுப்பு கூரை வரை எட்டாது. அதனால் யார் எதைப் பேசினாலும் இரண்டு பக்கமும் கேட்கும், இரண்டு பக்கமும் பதில் வரும். கழிப்பறை நடைவழியின் கடைசியில் இருந்தது.

பட்டம் படித்த நர்சுகளை நாங்கள் 'லிசெ' என்று கூப்பிடுவோம். நிமியா எங்கள் லிசெ. நாற்பத்தாறு வயது, உயரம், நரையை மறைக்காத தலை, சட்டைப் பையில் ஒரு பச்சை நோட்டு. முந்தின வருடம்தான் அவர் மூன்று சனி ஞாயிறு பஸ் ஏறிப் பெரிய ஊருக்குப் போய், நர்சுகளுக்கான ஆராய்ச்சி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். உன் வார்டில் இருக்கும் தொல்லை ஒன்றை எடு, எண்ணு, காரணத்தைத் தேடு, ஒன்றை மாற்று, திரும்ப எண்ணு. வகுப்பில் சொன்னது அவ்வளவுதான். "இத்தனை வருஷம் இதைச் சும்மாவே செஞ்சுட்டிருந்தேன். இதுக்குச் சான்றிதழ் வேற தர்றாங்க," என்றார்.

வார்டில் தொல்லைக்குக் குறைவில்லை. டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து ஜனவரி பத்துக்குள் பதினோரு பேர் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்திருந்தார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு விலகியது. ஒருவருக்குப் புருவத்தில் நாலு தையல். ஆண்கள் பக்கத்தில் இதயக்கோளாறுக்காகப் படுத்திருந்த தோன் பாசிலியோ இரண்டு முறை விழுந்து, இரண்டு முறையும் பக்கத்தில் இருந்தவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தார். ஒன்பதாவதாக விழுந்தது நான்.

பழி ஞா தெயோலிந்தாவின் தலையில் விழுந்தது.

ஞா தெயோ என்று நாங்கள் கூப்பிடும் அவருக்கு ஐம்பத்தேழு வயது; 'ஞா' என்பது பெரியவர்களான பெண்களுக்கு மரியாதைச் சொல், ஆண்களுக்குத் 'தோன்'. ஆள் குள்ளம், முன்கை இரண்டும் மரவெட்டிக்கு இருப்பது மாதிரி. பத்தொன்பது வருடமாக அந்த வார்டைத் துடைக்கிறார். மதியம் இரண்டரைக்குத் துடைப்பார். மூன்று மணிக்குத் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, ஐந்து லிட்டர் பனித்தண்ணீர்க் கூஜாவோடு வந்து தெரெரே ஊற்றுவார். கொம்புக் குவளையில் மாத்தே இலை, அதன்மேல் மூலிகை இடித்துப் போட்ட பனித்தண்ணீர். குவளை கட்டில் கட்டிலாகச் சுற்றி அவரிடமே திரும்பி வரும். ஜனவரியில் நாற்பது டிகிரி வெயிலில் எங்களை உயிரோடு வைத்திருந்தது அதுதான். வாசல் காவலர் வெளியாட்களின் கூஜாக்களை உள்ளே விடமாட்டார். ஆகவே வார்டு முழுவதற்கும் ஞா தெயோவின் கூஜா ஒன்றுதான். முன்பெல்லாம் உறிஞ்சுகுழலும் ஒன்றுதானாம். நிமியா வந்து ஆளுக்கொரு குழல் என்று விதி போட்டார். அந்த விதிக்காகத் தோன் பாசிலியோ அவரை இன்னும் மன்னிக்கவில்லை. "அவங்கவங்க குழல்ல குடிக்கறதுக்கு நான் எதுக்கு ஊர்ல இருக்கணும்? காட்டுல போய் இருக்கலாமே," என்பார்.

இயக்குநர் டாக்டர் ரோலோன் ஜனவரி பதினோராம் தேதி வார்டுக்கு வந்தார். கையில் ஒரு கடிதம்.

"ஞா தெயோலிந்தாவோட ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியில முடியுது, லிசெ. புதுப்பிக்கிறதா இல்ல. தரை ஈரம், ஜனங்க விழுறாங்க."

"ஈரம்னு யார் சொன்னாங்க டாக்டர்?"

"விழுந்தவங்கதான். பதினோரு பேரும் அதைத்தான் சொல்லியிருக்காங்க. கையெழுத்தும் போட்டிருக்காங்க."

நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஞா தெயோ துடைப்பத்தை ஊன்றி நின்றார். "பத்தொம்பது வருஷமா இதே தரையை இதே தண்ணியாலதான் துடைக்கிறேன் டாக்டர். அப்பல்லாம் ஜனங்களுக்குக் கால் இருந்துச்சு போல."

"மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க," என்றார் நிமியா. "நான் எண்ணிப் பார்த்துச் சொல்றேன்."

"எதை எண்ணுவீங்க?"

"எல்லாத்தையும்."

டாக்டருக்கு நிமியாவைத் தெரியும். பெருமூச்சு விட்டுக்கொண்டு சரி என்றார்.

அன்றைக்கே நிமியா விழுந்த பதினோரு பேரின் தேதி, மணி, இடம் எல்லாவற்றையும் ஒரு நாள்காட்டியில் குறிக்க ஆரம்பித்தார். வார்டில் இருந்த ஒரே மேஜை என் கட்டிலின் பக்கத்தில் இருந்ததால் எல்லாம் என் கண்ணெதிரில் நடந்தது. ஒவ்வொரு விழுதலுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. எல்லாப் புள்ளியும் மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில். அது வரைக்கும் அவர் முகத்தில் உற்சாகம் இருந்தது. பிறகு கிழமைகளைப் பார்த்தார். திங்கள் இரண்டு. செவ்வாய் மூன்று. புதன் இரண்டு. வெள்ளி, சனி, ஞாயிறில் மீதி. வியாழக்கிழமைப் பத்தி மட்டும் மேலிருந்து கீழ் வரை வெள்ளையாக இருந்தது.

ஞா தெயோவுக்கு வியாழக்கிழமைதான் விடுப்பு.

நிமியா பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அந்த நேரம் பார்த்து ஞா தெயோ வாளியோடு வந்தார்.

"என்ன லிசெ, என்னைக் காப்பாத்திட்டீங்களா?"

"கொஞ்சம் பொறுங்க ஞா தெயோ. இப்போதைக்கு உங்களைத் தூக்குல போட்டிருக்கேன்."

மறைத்துப் பேச அவருக்குத் தெரியாது. நாள்காட்டியைக் காட்டினார். ஞா தெயோ அதை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தத் தாளை டாக்டர் பார்த்துட்டாரா?"

"இல்ல."

"அப்ப தின்னுடுங்க."

"ஆராய்ச்சில அப்படிச் செய்யக் கூடாது ஞா தெயோ. பிடிச்ச எண்ணை வச்சுக்கிட்டு, பிடிக்காததைத் தின்னக் கூடாது."

"உங்க ஆராய்ச்சிக்கு நல்ல மனசு," என்றார் ஞா தெயோ. வாளியை எடுத்துக்கொண்டு போனார். அன்று துடைத்த தரையை முட்டிபோட்டுத் துணியால் இரண்டாம் முறை ஒற்றியெடுத்தார். நான் மறுபடி போர்வையை இழுத்துக்கொண்டேன்.

ஞா தெயோ இல்லாத ஒரு நாளை நிமியா நேரில் பார்த்தாக வேண்டும். நல்லவேளை, மறுநாளே வியாழக்கிழமை. அன்று துடைக்க வருபவர் எகோன். தெற்கே ஜெர்மன்காரர்கள் குடியேறிய பகுதிக்காரர். பேசவே மாட்டார். அவர் துடைப்பதைத் துடைப்பது என்று சொல்ல முடியாது. இரண்டு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்ப்பார். கட்டிலுக்கடியில் என் செருப்பு ஒன்று மிதந்து தடுப்பைத் தாண்டி ஆண்கள் பக்கம் போயிற்று. வேலை முடிந்ததும் வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்து, அந்த வெயிலில், தனியாகக் கொதிக்கக் கொதிக்கச் சூடான மாத்தே குடித்தார். அவருடைய வியர்வையைப் பார்த்தே எங்களுக்குத் தாகம் எடுத்தது.

நிமியா மூன்றிலிருந்து ஐந்து வரை நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரும் விழவில்லை. கணுக்கால் நனையும் தண்ணீரில் நடந்து போனவர்கள்கூட விழவில்லை.

"அப்ப ஈரம் காரணம் இல்ல," என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். பிறகு நோட்டைத் திருப்பினார். "ஆனா கழிப்பறைக்குப் போனவங்களே ஒம்பது பேர்தான்."

மறுநாள் வெள்ளி. ஞா தெயோ வந்துவிட்டார். நிமியாவுக்கு வேறு வேலை இருந்ததால், சலிப்பாக இருக்கிறது என்று நாள் முழுக்கப் புலம்பிய என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, கழிப்பறைக்குப் போகிறவர்களுக்குக் கோடு போடச் சொன்னார். என் கட்டிலிலிருந்து அந்தக் கதவு நேராகத் தெரியும். மூன்றிலிருந்து ஐந்துக்குள் நாற்பத்தொரு கோடு. போனவர்களில் பாதிப் பேர் நடக்கவில்லை. ஓடினார்கள். தோன் பாசிலியோ ஒரு கையால் சட்டையையும் இன்னொரு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"நேத்து ஒம்பது, இன்னிக்கு நாப்பத்தொண்ணு," என்றார் நிமியா. "இவ்வளவு போகணும்னா இவ்வளவு உள்ள வந்திருக்கணும். எங்கேருந்து வருது?"

உள்ளே போவதை அறிய ஒரு தாள் ஏற்கெனவே இருந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் தொங்கும். நோயாளி குடித்ததை ஒரு பக்கம் எழுத வேண்டும், வெளியேறியதை மறுபக்கம். அதைப் பார்த்தால் எங்கள் வார்டே ஒரு அதிசயம். தோன் பாசிலியோவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் குடிக்க அனுமதி. அவர் குடித்தது: முக்கால் லிட்டர். வெளியேறியது: மூன்றரை லிட்டர். அப்படியும் அவருடைய கால் வீக்கம் வற்றவில்லை. டாக்டர் ரோலோன் சர்க்கரை நோயாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு வார்டு முழுவதற்கும் ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார். ஒருவருக்கும் இல்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை, மூன்றரை மணி. நிமியா தாளும் பேனாவுமாகக் கட்டில் கட்டிலாக வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது.

"தோன் பாசிலியோ, மதியத்துக்கு மேல என்ன குடிச்சீங்க?"

"ஒரு சொட்டு இல்ல லிசெ. காக்குப்பே மாதா மேல சத்தியம்."

"காலைல?"

"மாத்திரை முழுங்க ஒரு வாய் தண்ணி. அதையும் முழுசா முழுங்கல."

பிறகு என்னிடம் வந்தார். அவர் ஒரு கையில் தாள். இன்னொரு கையில், போகிற வழியில் ஞா தெயோ நீட்டிய குவளை.

"சுனில்தா, நீ என்ன குடிச்ச?"

"ஒண்ணும் இல்ல லிசெ," என்றேன். அந்த நொடிக்கு முன்பு வரை என் வாயில் உறிஞ்சுகுழல் இருந்தது.

அவர் சுழியம் என்று எழுதினார். எழுதிக்கொண்டே தன் குவளையை உறிஞ்சினார். அடியில் காற்று ஏறிக் கரகரவென்று சத்தம் வந்தது. ஞா தெயோ கையை நீட்டினார்.

"குடுங்க லிசெ. வரிசை நிக்குது."

நிமியா குவளையைக் கொடுக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஞா தெயோ, இது எனக்கு எத்தனாவது?"

"எது எத்தனாவது?"

"இந்தக் குவளை. இன்னிக்கு நான் எத்தனை குடிச்சேன்?"

"இதையெல்லாம் யாராவது எண்ணுவாங்களா லிசெ?"

"இது தண்ணிதானே?"

"இது எப்படித் தண்ணியாகும்? இது தெரெரே."

இரண்டு பக்கத்திலிருந்தும் ஆமாம் ஆமாம் என்று குரல் வந்தது. தண்ணீர் என்பது டம்ளரில் வருவது. மாத்திரைக்கும் தாகத்துக்கும் குடிப்பது. தெரெரே என்பது பேச்சு மாதிரி. இன்று எவ்வளவு பேசினாய் என்று யாரும் கேட்பதில்லை. மாடுகளையும் கணவனின் சாக்குகளையும் எண்ணிய நிமியா, நாற்பத்தாறு வருடமாகத் தன் கையில் இருந்த குவளையை ஒரு முறைகூட எண்ணியதில்லை. அவர் என் கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். நல்லவேளை, நல்ல கால் பக்கம்.

அன்று கூஜாவை அளந்தார்கள். மூன்றிலிருந்து ஐந்துக்குள் அது நான்கு முறை நிரம்பிக் காலியானது. பதினெட்டு நோயாளிகள், இருபது லிட்டர். ஞா தெயோ வராத வியாழனில் கூஜாவும் வருவதில்லை.

"சரி, ஆனா தெரெரே எல்லா வருஷமும்தான் குடிக்கிறோம்," என்றார் நிமியா. "விழுறது இந்த டிசம்பர்ல இருந்துதானே. அதுல புதுசா என்ன இடிச்சுப் போடுறீங்க ஞா தெயோ?"

ஞா தெயோ ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க குடுத்ததுதான்."

"நானா?"

"உங்க கொல்லைல வளர்ற குதிரைவால் செடி. டிசம்பர் முதல் தேதி ஒரு பெரிய கட்டு கொண்டுவந்து குடுத்தீங்களே. 'சிறுநீரகத்தைச் சுத்தம் பண்ணும், நோயாளிங்களுக்கு நல்லது, தாராளமா போடுங்க'ன்னு சொன்னீங்களே. நான் தாராளமா போட்டேன்."

குதிரைவால் என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். நீரைப் பிரித்து வெளியே தள்ளும். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு கட்டில்கள் எல்லாம் கிறீச்சிட்டன. தையல் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிமியா மட்டும் சிரிக்காமல் பச்சை நோட்டைத் திறந்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'மூலிகை தந்தவர்: நிமியா கபானியாஸ்.' மையால், அடிக்கோடிட்டு.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ விழுந்த அன்னிக்குத் தரை ஈரமா இருந்துச்சா?"

பொய்யைச் சொன்னபோது அது சின்னதாகத்தான் இருந்தது. நடைவழியில் நான் கிடந்தபோது நாலு பேர் ஓடி வந்தார்கள். அதில் ஒருவன் எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் இளைஞன். அவன் எதிரில், அவசரம் தாங்காமல் ஓடினேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஈரம் என்றேன். எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். அந்தப் பொய் ஒரு தாளாகி, டாக்டரின் கையில் கடிதமாகி, ஞா தெயோவை முட்டிபோட வைத்திருந்தது.

"இல்ல லிசெ," என்றேன். "காஞ்சுதான் இருந்துச்சு. எனக்கு... அவசரம்."

சிரிப்பு நின்றது. பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தோன் பாசிலியோ தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கும் அவசரம்தான். ரெண்டு தடவையும்."

"எனக்கும்," என்றது புருவத்தில் தையல் போட்ட குரல்.

"எனக்கும்." "எனக்கும் அதேதான்."

ஞா தெயோ துடைப்பத்தைத் தரையில் ஓங்கி ஊன்றினார். "அட நாசமாப் போறவங்களே! ஒண்ணுக்கு வந்துச்சுன்னு சொல்ல வெக்கப்பட்டு என் சோத்துல மண்ணைப் போட்டீங்களா? பனிக்கட்டியை வீட்லேருந்து சுமந்து வந்து உங்க தொண்டையில ஊத்தினேனே! தோன் பாசிலியோ, உங்களுக்கு இனிமே வெந்நீர்தான்!"

"திட்டுங்க ஞா தெயோ, நல்லாத் திட்டுங்க. ஆனா குவளையை மட்டும் இப்படி அனுப்புங்க."

இனி என்ன செய்வது? தெரெரேவை நிறுத்திவிடலாம் என்று நிமியா சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதற்கே தோன் பாசிலியோ, தான் உடனே செத்துப்போவதாகவும் அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார். நிமியாவும் அதை மனதாரச் சொல்லவில்லை. அந்த வெயிலில் மற்றவர்களுக்கு நீர் வேண்டும். குதிரைவாலை எடுத்துவிட்டு எலுமிச்சைப்புல்லும் புதினாவும் போட்டார்கள். தோன் பாசிலியோவுக்கும், நீர் அளவு குறிக்கப்பட்ட இன்னும் இருவருக்கும் தினம் ஐந்து சோளமணி. ஒரு குவளைக்கு ஒரு மணி. தீர்ந்தால் தீர்ந்தது. ஆனாலும் அவசரம் அவசரம்தானே. விழாமல் போக வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிமியா யோசித்தார். மணி அடித்துக் கூட்டிப்போகலாமா என்றார். மணிக்கு வராது என்றார்கள். துணைக்கு இருக்கும் சொந்தக்காரர்களை எந்த நேரத்தில் எழுப்புவது என்றும் தெரியவில்லை. அதற்கு விடை குவளையிலேயே இருந்தது.

குவளை கைக்கு வரும்போது யாரும் நன்றி சொல்வதில்லை. சும்மா வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பித் தருவோம். நன்றி என்று ஒருவர் சொன்னால், எனக்குப் போதும், அடுத்த சுற்றில் என்னை விட்டுவிடு என்று பொருள். ஆக ஒவ்வொருவரும் குடித்து முடித்த நொடியைத் தானே வாய்விட்டு அறிவிக்கிறார். நிமியா ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஞா தெயோவின் நாற்காலிக்கு மேலே மாட்டினார்: 'நன்றி சொன்னவர் எழுந்து நடக்கவும்.' நன்றி கேட்டதும் ஞா தெயோ கட்டில் எண்ணைச் சத்தமாகச் சொல்வார். துணைக்கு இருப்பவர் உடனே நோயாளியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கழிப்பறைக்கு நடக்க வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும்.

ஜனவரி பதினாறாம் தேதி தொடங்கினோம். முதல் நாள் யாருமே நன்றி சொல்லவில்லை. வார்டே கேட்க நன்றி சொல்லிவிட்டு ஊர்வலம் போக வெட்கம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு குடித்துக்கொண்டே இருந்தோம். கூஜா ஐந்தாவது முறை நிரம்பியது. கடைசியில் என்னால் முடியவில்லை.

"நன்றி!" என்று கத்தினேன்.

"பதினொண்ணு!" என்று ஞா தெயோ அதைவிடச் சத்தமாகக் கத்தினார். எனக்குத் துணைக்கு இருந்த அம்மா என் கையைப் பிடித்தார். நான் நடந்தேன். என் பின்னால் நன்றி, நன்றி, நன்றி என்று இரண்டு பக்கமும் வெடித்தது.

தோன் பாசிலியோதான் கடைசி வரை பிடிவாதம். தன் ஐந்து சோளமணி தீர்ந்த பிறகும் நன்றி சொல்ல மறுத்தார். "அஞ்சு குவளைக்கெல்லாம் யாருக்கும் நன்றி சொல்ற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல," என்றார். அவருக்காக விதியைத் திருத்தி, கடைசி மணியைக் கையில் கொடுப்பதே நன்றி என்று வைத்தார்கள். பத்து நாளில் அவர் கால் வீக்கம் இறங்கிச் சொந்தச் செருப்பு பொருந்தியது. அதை எல்லோருக்கும் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

பதினாறிலிருந்து முப்பது வரை, பதினைந்து நாள். நாள்காட்டியில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அதுவும் விடுப்பு வியாழனில், எகோன் தன் தண்ணீரிலேயே வழுக்கியது. அவர் நோயாளி இல்லை என்று ஞா தெயோ வாதாடினார். விழுதல் விழுதல்தான் என்று நிமியா அதையும் சேர்த்தார்.

முப்பத்தொன்றாம் தேதி மதியம் இயக்குநர் அறையில் கூட்டம். நான் அங்கே இல்லை. ஞா தெயோ வந்து நடித்துக் காட்டியதையும், நடுவில் நிமியா எண்களைத் திருத்தியதையும் வைத்துச் சொல்கிறேன்.

ஞா தெயோ வெறுங்கையோடு போகத் தெரியாதவர். கூஜாவோடு போனார். குதிரைவாலில் கடைசிப் பிடி மிச்சம் இருந்ததாம். வீணாக்குவானேன் என்று போட்டாராம். நிமியாவுக்குத் தெரியாது. நிமியா நாள்காட்டியை விரித்தார், வியாழக்கிழமைப் பத்தியை மறைக்காமல் காட்டினார், தன் பெயர் எழுதிய பக்கத்தையும் காட்டினார். டாக்டர் ரோலோன் கேட்டுக்கொண்டே உறிஞ்சினார், குவளையைத் திருப்பித் தந்தார், மறுபடி வாங்கினார். முக்கால் மணி நேரம்.

"கணக்கு நல்லாத்தான் இருக்கு லிசெ," என்றார். "ஆனா ஒண்ணு இடிக்குது. ஒரு மனுஷன் இவ்வளவு குடிச்சுட்டு, ஒண்ணுமே குடிக்கலன்னு சத்தியம் பண்ணுவானா? அது படிக்காத ஜனங்க வேணா சொல்லலாம்."

"டாக்டர், நீங்க மதியத்துக்கு மேல என்ன குடிச்சீங்க?"

"நானா? ஒண்ணுமில்ல. சாப்பிடறப்ப ஒரு டம்ளர் தண்ணி."

"பதினாலு," என்றார் ஞா தெயோ.

"என்ன பதினாலு?"

"குவளை, டாக்டர். இப்பல்லாம் நான் எண்ணுறேன்."

டாக்டர் தன் கையில் இருந்த குவளையைப் பார்த்தார். அதை மெதுவாக மேஜைமேல் வைத்தார். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தார், மறுபக்கமாகச் சாய்ந்தார்.

"நன்றி," என்றார்.

"கூட நடங்க ஞா தெயோ," என்றார் நிமியா.

"டாக்டரோடயா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

டாக்டர் நடக்கவில்லை, நிமியா சொல்கிறபடி மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் போனார். பளபளவென்று தேய்த்த ஷூ. கழிப்பறைக்கு நாலடி முன்னால் ஒரு கால் முன்னே போய்விட்டது. ஞா தெயோ தன் மரவெட்டிக் கையால் அவருடைய கோட்டுக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

"தரை ஈரம்," என்றார் டாக்டர், மூச்சு வாங்க.

ஞா தெயோ குனிந்து தரையை உள்ளங்கையால் தடவி, அந்தக் கையை அவர் முகத்துக்கு நேரே காட்டினார். காய்ந்திருந்தது.

அவர் உள்ளே போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்து, நேராக அறைக்குப் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஞா தெயோ அந்த மௌனத்தை எங்களுக்கு ஐந்து முறை நடித்துக் காட்டினார்.

நிமியா இதைக் கட்டுரையாக எழுதி நர்சுகள் கூட்டத்தில் வாசிக்கப் போகிறார். இரண்டாவது பெயராகத் தெயோலிந்தாவின் பெயர். முதலில் டாக்டர் தன் பெயரைப் போடலாமா என்று கேட்டாராம். எத்தனாவது விழுதலாகப் போடுவது என்று நிமியா கேட்டதும் விட்டுவிட்டாராம். கட்டுரையில் ஆய்வின் குறைகள் என்று ஒரு பகுதி உண்டு. அதில் முதல் வரி: 'ஆய்வாளரே காரணமாக இருந்தார்.'

பிப்ரவரி மூன்றாம் தேதி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பையைக் கட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு நின்றேன். ஞா தெயோவிடம் ஈரப் பொய்க்கு இன்னும் சரியாக மன்னிப்புக் கேட்கவில்லை. அவருடைய ஏப்ரன் பையில் மடித்த ஒப்பந்தம் எட்டிப் பார்த்தது. அதை அவர் எங்கும் வைப்பதில்லை, கூடவே வைத்துக்கொண்டுதான் துடைக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் குவளையை நீட்டினார். குடித்தேன். திருப்பிக் கொடுத்தேன்.

"நன்றி, ஞா தெயோ," என்றேன்.

"பதினொண்ணு!" என்று அவர் கத்தினார்.

"நட! நட!" என்று தடுப்பின் இரண்டு பக்கமும் கூச்சல் போட்டது. அம்மா பையோடு வாசலில் காத்திருந்தார். நான் முதலில் நடைவழியின் கடைசிக் கதவுக்குத்தான் போனேன்.